தாம்பாளத்தின் வடக்குப் பக்கம்

உனக்கு நான் இதுவரை கடிதம் எழுதியதில்லை. அவசியம் வரவில்லை, காலையில் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற பிள்ளை நீ. நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் "காபி வேணுமா?" என்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. டிவி மேல்தான் வைக்கப் போகிறேன், உங்கப்பா எடுத்துப் படித்தாலும் சரி, தெருவில் யார் வாங்கிப் படித்தாலும் சரி. நான் செய்ததை நாற்பது பேர் பார்க்கச் செய்தேன். ஒப்புக்கொள்வதை மட்டும் மூடி வைத்துக் கொடுப்பது நியாயமில்லை.

போன ஞாயிறு உன் நிச்சயதார்த்தம். பவித்ராவின் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், இருபது பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அந்தக் கூடத்தில் தட்டு மாற்றினோம். நம் பக்கத்துத் தட்டு, நம் வீட்டுப் பெரிய பித்தளைத் தாம்பாளம். அதை நான் பவித்ராவின் அம்மா தேசம்மா கையில் கொடுத்தபோது நீ எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "அத்தே, இது சும்மா தாம்பாளம்னு நெனச்சுக்காதீங்க. எங்கம்மா இதுலதான் கடலைக் கொண்டாந்து வெச்சாங்க. இத்த காட்டித்தான் எங்க தெருவுக்குக் கடலைத் தடுக்குற கல்லே வந்துச்சு. அதுல அலை யாரு தெரியுமா? நான்தான்!" கூடமே சிரித்தது. உங்கப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். தேசம்மாவும் சிரித்தாள். "தெரியும் மாப்ளே," என்றாள். "நானும் அங்கதான் குந்தினு இருந்தேன்."

நீ அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. அந்தத் தாம்பாளக் கதை உனக்குச் சின்ன வயதிலிருந்தே செல்லக் கதை. பள்ளிக்கூடத்தில் சொன்னாய், யார்டில் சொல்கிறாய், அங்கே எடை மேடை ஆபீசில் வேலை பார்க்கிற பவித்ராவிடம் முதல்முதலாகப் பேச்சுக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னாயாம். அவளுடைய வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும். கடலை அந்தப் பக்கம் அனுப்பியதில் உன் அம்மாவின் கை இருந்தது என்பது உங்கள் இருவருக்கும் தெரியாது.

நான் இயற்பியல் படித்தவள். மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு உங்கப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தேன். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, "கடல்ல போறவனக் கட்டிக்கிறதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதோடு பேச்சு நின்றது. நான் கொண்டுவந்தவை இரண்டே பொருள். ஒன்று பட்டச் சான்றிதழ். இன்னொன்று என் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்பிய இந்தத் தாம்பாளம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே காரியத்துக்குப் பயன்படுத்தினேன். அதற்குப் பிறகு இரண்டையும் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போனது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சிற்றலைத் தொட்டி என்று ஒன்று உண்டு. கண்ணாடி அடி வைத்த ஆழமில்லாத தொட்டி. மேலே விளக்கு, கீழே வெள்ளைத் தாள். தண்ணீரை ஒரு பட்டையால் சீராகத் தட்டினால் அலையின் நிழல் தாளில் வரிவரியாக ஓடும். எங்கள் பேராசிரியை அதில் ஒரு தக்கைத் துண்டை மிதக்கவிட்டு, "இது எங்க போகுதுன்னு பாருங்க" என்றார். அது எங்கும் போகவில்லை. மேலே எழும்பும், கொஞ்சம் முன்னே வரும், கீழே இறங்கும், கொஞ்சம் பின்னே போகும், பழையபடி இருந்த இடத்திலேயே நிற்கும். அலை போகிறது, தண்ணீர் போவதில்லை. தண்ணீர் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போவது ஆற்றல் மட்டும்தான். அந்த ஆற்றல் அழியாது. ஓர் இடத்தில் தடுத்தால் திரும்பும், வளையும், வேறெங்காவது போய் வேலை செய்யும். பரீட்சையில் இது பத்து மதிப்பெண் கேள்வி. பத்தும் வாங்கினேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. தெரியாமல் செய்தவளாக என்னை நினைத்துவிடாதே.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நமக்கும் கடலுக்கும் நடுவே நான்கு வரிசை வீடுகள் இருந்தன. நீ பிறந்தபோது மூன்று. நீ தத்தித் தத்தி நடந்தபோது இரண்டு. பெரிய அலை வந்த வருஷத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், படம் பிடித்துவிட்டார்கள். சின்ன அலைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வருகிற அந்தச் சின்ன அலைகள்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு சுவரை, ஒரு குளியலறையை, ஒரு முருங்கை மரத்தை எடுத்துப்போயின. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உங்கப்பா கட்டுமரத்தை விட்டுப் பெரிய படகில் போய்க்கொண்டிருந்தார். போனால் நாலு நாள், அஞ்சு நாள். நான் உன் காலில் என் பழைய புடவையைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் சோறு வடிப்பேன். வடிக்கும்போதும் காது கடலில்தான் இருக்கும். இரண்டு அலைக்கு நடுவே உள்ள நேரத்தை எண்ணுவேன். எண்ணிக்கை குறைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொள்வேன்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளயா கன்னுக்குட்டியா? கவுத்துல கட்டிக்கீற?" என்று வாசலில் நின்று கேட்டவள் தேசம்மா. நமக்கு வடக்கே அடுத்த தெரு அவளுடையது. தலையில் மீன் கூடையோடு இரண்டு தெருவுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. டீச்சரம்மா என்று பேர் வைத்தது அவள்தான். தெருவே பிடித்துக்கொண்டது. மீனைச் செதில் எடுக்கத் தெரியாமல் நான் கையை அறுத்துக்கொண்டபோது அரிவாள்மனையைப் பிடுங்கி, "நீ இன்னாத்ததான் பட்ச்சியோ" என்று தலையில் அடித்துக்கொண்டு, உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள். உனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலிப்பு வெட்டியபோது நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் கூடையை அப்படியே தெருவில் கொட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோவுக்குக் காத்திருக்கவில்லை, மெயின் ரோடு வரை வெறுங்காலோடு ஓட்டம். அன்றைக்கு அவள் வயிற்றில் பவித்ரா எட்டு மாதம்.

இப்போது மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி, இதுதான் எல்லாவற்றுக்கும் அடி. நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை நேராக வருவதில்லை, தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. சாய்ந்து வருகிற அலை மணலைச் சாய்வாக மேலே ஏற்றும். இறங்குகிற தண்ணீர் நேராகக் கீழே இழுக்கும். அதனால் ஒவ்வொரு மணல் துகளும் அலைக்கு அலை ஓர் அடி வடக்கே தள்ளி உட்காரும். நடுக்கடலில் தக்கை நகராது என்பது சரி. கரையில் உடைகிற அலை வேறு. உங்கப்பாவும் அவர் சேக்காளிகளும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், அந்தக் காலம் முழுக்க மணல் வடக்கே நடந்துகொண்டே இருக்கும். தெற்கே துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டியதிலிருந்து அந்த மணல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஊரே போய்க் காற்று வாங்கிச் சுண்டல் தின்கிற கடற்கரை அப்படித்தான் அகலமானது. அது நமக்கு வர வேண்டிய மணல். நமக்கு வராததால் நம் தெரு கரைந்தது. பட்டணத்துக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று அப்போது எனக்கு எரியும். பிறகு நானே பட்டணமாக நடந்துகொண்டேன்.

ஒரு நாள் ஒரு பொறியாளர் வந்தார். கரையில் நின்று பார்த்துவிட்டு, கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டித் தூண்டில் வளைவு ஒன்று போட வாய்ப்பிருக்கிறது என்றார். ஒன்றே ஒன்றுதான். நம் தெருவுக்கு வடக்கு ஓரத்தில் போட்டால் நம் பக்கம் மணல் சேரும். இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளி, தேசம்மா தெருவும் தாண்டிப் போட்டால் இரண்டு தெருவுக்கும் சேரும். ஆனால் அதற்குக் கல் கூடுதலாக வேண்டும், கோப்பு திரும்ப முதலிலிருந்து போக வேண்டும், இந்த வருஷம் நடக்காது. "எந்தத் தெரு ஒத்துமையா நின்னு ஒழுங்கா எழுதிக் கேக்குதோ அந்தத் தெருவுக்குச் சீக்கிரம் நடக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மழைக்காலத்துக்கு நாலு மாதம் இருந்தது. நமக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றரை வரிசை வீடு இருந்தது. உங்கப்பா சொன்னார்: "நீ பட்ச்சவ. நீ எழுது, நீ பேசு. நம்ம வூடு நின்னாப் போதும்."

மனுவை எழுதிவிட்டேன். ஆனால் தெருவில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டினால் வலை கிழியும், படகு இடிக்கும் என்றார்கள். அவர்களுக்குக் காட்டிப் புரியவைக்க இந்தத் தாம்பாளத்தை எடுத்தேன். முதலில் தனியாக, சமையலறையில், நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் கடற்கரை மணலைச் சரிவாகக் குவித்தேன். மறுபக்கம் தண்ணீர். தூண்டில் வளைவுக்கு உன்னுடைய உடைந்த ஸ்லேட்டுத் துண்டு. அதை நடுவில் நட்டேன். வீடுகளுக்குப் புளியங்கொட்டை. இடது பக்கம் நம் தெரு, ஆறு கொட்டை. வலது பக்கம் தேசம்மா தெரு, ஆறு கொட்டை. மூன்றாவது கொட்டை அவள் வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், விளையாட்டுப் போல. அளவுகோலைச் சாய்வாகப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தேன்.

அரை மணி நேரத்தில் இடது பக்கம் மணல் ஸ்லேட்டில் முட்டிச் சேர்ந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. வலது பக்கம் அலை ஸ்லேட்டின் நுனியைச் சுற்றி வளைந்து உள்ளே போனது. தடுப்புக்குப் பின்னால் நிழலில் இருப்பதால் பத்திரம் என்று நினைக்கிற இடத்துக்குள் அலை அப்படி வளைந்து நுழையும். பாடப் புத்தகத்தில் அதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அங்கே இருந்த மணலை அது எடுத்தது. எடுத்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை; அதுதான் ஸ்லேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டதே. முதல் கொட்டை சாய்ந்தது. இரண்டாவது. மூன்றாவது விழுந்தபோது நான் தட்டுவதை நிறுத்தினேன்.

மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே. அதற்குப் பிறகு நான் செய்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். வலது பக்கத்துக் கொட்டைகளைப் பொறுக்கிப் பழைய டப்பாவில் போட்டுவிட்டு, ஸ்லேட்டைத் தாம்பாளத்தின் வலது ஓரத்துக்கு, விளிம்போடு ஒட்டி நகர்த்தினேன். இப்போது கல்லுக்கு வடக்கே மணல் இல்லை, வீடு இல்லை, வெறும் பித்தளை விளிம்புதான். உலகமே அங்கே முடிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மீனவர் சங்கக் கட்டடத்தின் முன்னால் நாற்பது பேர் கூடினார்கள். பொறியாளரும் வந்தார். நீ மடித்து விட்ட டவுசரோடு தாம்பாளத்தின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி அளவுகோலைச் சாய்த்துத் தட்டினாய். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு தட்டுகூடத் தவறாமல். மணல் சேரச் சேரக் கூட்டம் "அடேயப்பா" என்றது. "மாமு, பையன் கடலையே ஆட்டுறான் பாரு!" என்று யாரோ கத்தினார்கள். தேசம்மா முன்வரிசையில் இருந்தாள். அவள் மடியில் பவித்ரா; மூன்று வயது, தாம்பாளத்துத் தண்ணீரில் கை விட வந்து அவள் அம்மாவிடம் ஓர் அடி வாங்கினாள். உனக்கு அது நினைவிருக்காது.

எல்லாம் முடிந்து கைதட்டியபோது தேசம்மா கேட்டாள்: "ஆமா டீச்சரம்மா, உங்க தெருவுக்கு மட்டும் புளியங்கொட்ட வெச்சிகீற. எங்க தெரு எங்க? எங்களுக்குக் கொட்ட இல்லியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தட்டுல இடம் பத்தல தேசம்மா," என்றேன். "அதான், அப்பால இன்னா ஆவும்?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அங்க அலை அடங்கிடும்." என்னைத் தவிர அங்கே படித்தவர் ஒருவர்தான் இருந்தார். பொறியாளர் தாம்பாளத்தின் ஓரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா," என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்றும் அவருக்குத் தெரியும் என்று புரிந்தது. தேசம்மா தெருக்காரர்களும் அன்றைக்கு நம் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அலை அடங்கிவிடும் என்று டீச்சரம்மா சொன்னாளே.

கல் வந்தது. லாரி லாரியாகக் கொட்டினார்கள். இரண்டு வருஷத்தில் நம் வாசலுக்கு முன்னால் நீ கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு மணல் விரிந்தது.  இரண்டு அலைக்கு நடுவே எண்ணுவதை நிறுத்தினேன். அந்த இரண்டு வருஷத்தில் வடக்குத் தெரு முன்வரிசையிலிருந்து சரியத் தொடங்கியது. நான்கு மாதத்தில் ஒரு வீடு, ஒரே ராத்திரியில் ஒரு வீடு என்று போனது. தேசம்மா வீட்டின் கடல் பக்கச் சுவர் விழுந்த அன்று நீதான் ஓடி வந்து சொன்னாய்: "அம்மா, தேசம்மா வூட்டு அடுப்பு கடலுக்குள்ள கீது!" உனக்கு அது வேடிக்கை. நான் உன்னை அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று நீ அன்று முழுக்கக் கேட்டாய். இப்போது சொல்கிறேன், அந்த அறை உனக்கானது அல்ல, எனக்கானது.

நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாள்கூட. உன்னைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடியவளை நான் அடுத்த தெருவுக்கு நடந்து போய்ப் பார்க்கவில்லை. உங்கப்பா கையில் பழைய துணியும் அரிசியும் கொடுத்தனுப்பினேன். அவள் வாங்கிக்கொண்டாள் என்றார். அந்தத் தெருக்காரர்களை மாத்தூர்ப் பக்கம் குடியிருப்பில் போட்டார்கள். கடலில்லாத இடத்தில் அவள் புருஷனுக்கு என்ன வேலை? மணலியில் டேங்கர் லாரிகளுக்குள் இறங்கிக் கழுவுகிற வேலைக்குப் போனார். நிச்சயத்தன்று அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பால்கனிக்குப் போய் இருமிவிட்டு வந்தாரே, பார்த்தாயா? நீ கலீஜான சிகரெட் பழக்கம் என்று நினைத்தாய். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

நீ பவித்ராவைப் பற்றிச் சொன்ன அன்றே, அவள் அம்மா பெயரைச் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன், அதுவும் பாடப் புத்தகக் கணக்குதான். ஓர் அலையின் முகடு இன்னோர் அலையின் பள்ளத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துத் தண்ணீர் சமமாகிவிடும். அவர்கள் வீட்டை எடுத்தோம். அவர்கள் மகளை நம் வீட்டுக்கு எஜமானியாகக் கொண்டுவந்துவிட்டால் சமமாகிவிடும் என்று நினைத்தேன். அதே பாடத்தின் அடுத்த வரியை, வழக்கம்போல, விட்டுவிட்டேன். இங்கே அழிந்ததாகத் தெரிகிற ஆற்றல் பக்கத்தில் இரண்டு மடங்காக எழும்பி நிற்கும். எந்த அலையும் இன்னோர் அலையை நிஜமாக அழிப்பதில்லை. கடந்து போன பிறகு இரண்டும் பழைய உருவத்தோடுதான் போய்க்கொண்டிருக்கும்.

நிச்சயத்தன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் நான் சமையலறைக்குள் போனேன். தேசம்மா தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குக் குழம்பு. பக்கத்தில் நம் தாம்பாளம், பூவையும் பழத்தையும் எடுத்துவிட்டு வெறுமையாக இருந்தது. நான் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் ஒரு கொட்டையைத் துடைத்து, தாம்பாளத்தின் வலது விளிம்பில் வைத்தாள். அது நிற்காமல் உருண்டு தரையில் விழுந்தது. "இங்க ஒண்ணு வெச்சிருக்கலாம் நீ," என்றாள்.

 "உனுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, பார். "சொவுரு வுழுந்த அன்னிக்குத் தெரியும். நான் இஸ்கூல் போவல, அதுக்குன்னு கண்ணு இல்லியா? உங்க பக்கம் மணலு ஏறுது, எங்க பக்கம் எறங்குது. அதுக்கு இன்னா பட்ச்சிருக்கணும்?" புளிக் கையைத் தண்ணீரில் கழுவினாள். "தெரியாம பண்ணியா, தெரிஞ்சி பண்ணியா, அத்த மட்டும் சொல்லு." தெரிந்துதான் என்றேன். அவள் கையை முந்தானையில் துடைத்தாள். வெளியே நீ எதற்கோ பெரிதாகச் சிரித்தாய்.

"பொண்ணுகிட்ட நான் சொல்லல," என்றாள். "உம் புள்ள இன்னா பண்ணான்? ஸ்கேல வெச்சி தட்டினான். தங்கமான புள்ள. ஆனா நீ வாயத் தொறக்காம எம் பொண்ணு அந்த வூட்ல வெளக்கேத்தக் கூடாது. அவ இன்னா மண்ணு மேல நிக்கிறான்னு அவளுக்குத் தெரியணும். கண்ணாலத்துக்கு முன்னாடி. அப்பாலன்னா நானே மேடையில வந்து சொல்லுவேன், டீச்சரம்மா. எனுக்கு வெக்கம் கெடயாது." பிறகு எழுந்து என் தட்டில் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆழ்கடலில் அலை வேகமாகப் போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. படகில் இருப்பவருக்கு ஒரு சின்ன ஏற்றம் இறக்கம், அவ்வளவுதான். கரை நெருங்க நெருங்க அடித்தரை அதைப் பிடித்து இழுக்கும், மெதுவாகும், பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்கும், உயரம் கூடும். நான் "அலை அடங்கிடும்" என்று சொன்னது பதினெட்டு வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. இப்போது நம் வாசலில் நின்றிருக்கிறது, நீ மாப்பிள்ளை வேஷ்டிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில்.

உனக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நான் அம்மா, சொல்லாமல் விட மாட்டேன். படிப்பு மனிதரை நல்லவராக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எதை எங்கே வெட்டினால் வெட்டினது தெரியாது என்று அது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. யாராவது உனக்கு ஒரு படத்தை, ஒரு வரைபடத்தை, ஒரு கணக்கை விரித்துக் காட்டினால் நடுவில் இருப்பதைப் பார்க்காதே. அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று பார். ஓரத்துக்கு அப்பால் யார் வீடு என்று கேள். தேசம்மா கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் கேட்கத் தெரிந்தது. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை. நீ பயந்த பெண்ணின் பிள்ளை. நான் பயத்தில்தான் செய்தேன், உன்னை நினைத்துத்தான் செய்தேன். இதைச் சொன்னால் நீ மன்னிப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு கடைசியில் சொல்கிறேன். உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதைக் கொடுக்கிற இடத்தில் நீ இல்லை. நீ விளையாடிய மணல் பவித்ராவின் மணல்.

வருகிற ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு வா. தாம்பாளம் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது. கல்யாணத்தன்று சீரோடு திரும்பி வருவதுதான் வழக்கம். வழக்கம் கிடக்கட்டும், அவளை எடுத்துவரச் சொல். தேசம்மா வந்தால் அவளுக்கு நாற்காலி போடு, முன்வரிசையில். ஸ்லேட்டுத் துண்டு கிடைத்துவிட்டது, பரண் மேல் உன் பழைய பையிலேயே இருந்தது. மணலை நான் அள்ளி வைக்கிறேன். கல்லை இந்த முறை நடுவில் நடுவேன், இரண்டு பக்கமும் ஆறு ஆறு கொட்டை வைப்பேன். நீ அளவுகோலை எடுத்துக்கொண்டு பழையபடி உட்கார். சாய்த்துத் தட்டு, சீராகத் தட்டு, அரை மணி நேரம் ஆகும். வடக்குப் பக்கத்தில் மூன்றாவது கொட்டை அவள் வீடு. அது விழுகிறவரை கையை நிறுத்தாதே. நான் நிறுத்தினேன், நீ நிறுத்தாதே. விழுந்த பிறகு இந்த வீட்டுக்கு வரலாமா, வேண்டாமா என்று பவித்ரா சொல்லட்டும். அவள் எழுந்து போனால் பின்னால் ஓடி என் சார்பாகப் பேசாதே. உட்கார்ந்திருந்தாலும் சந்தோஷப்படாதே. அவள் யோசிக்கிற அந்த நேரம் முழுக்க நீ வாயைத் திறக்கக் கூடாது. நானும் காபி வேணுமா என்று கேட்க மாட்டேன்.